படித்த ஊருக்குத் தட்டம்மை வராதா?

“கேரளாவா? அங்கே எல்லாரும் படித்தவர்கள். ஊசி போடாத குழந்தையே இருக்காது.” தமிழ்நாட்டில் இப்படிச் சொல்லாதவர்கள் குறைவு. கேரளத்திலும் பலர் இதையே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்வது வேறு. 12 முதல் 23 மாதம் வரையிலான குழந்தைகளில் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தும் போடப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் 89.2 சதவீதம், கேரளத்தில் 77.8 சதவீதம். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் கேரளத்தின் கணக்கு 82.1. எழுத்தறிவில் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் இதில் பின்னால் போயிருக்கிறது.

களமசேரியை வைத்து இதைப் பேசுவோம். கொச்சியின் வடக்கு ஓரத்தில், எச்.எம்.டி.யும் அப்பல்லோ டயர்ஸும் குசாட் பல்கலைக்கழகமும் உள்ள ஊர் அது. பக்கத்திலேயே ஏலூரின் ஃபாக்ட் உரத் தொழிற்சாலை. எர்ணாகுளம் அரசு மருத்துவக் கல்லூரியும் களமசேரியில்தான் இருக்கிறது. தொற்றுநோய் என்றால் என்ன என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2019 ஜூனில் எர்ணாகுளம் மாவட்டத்து மாணவர் ஒருவருக்கு நிபா உறுதியானபோது, அவரோடு பழகியவர்களில் அறிகுறி தெரிந்தவர்களை இந்த மருத்துவமனையில்தான் தனிமைப்படுத்தினார்கள். 2020 மார்ச்சில் இத்தாலியிலிருந்து கொச்சி விமான நிலையத்தில் வந்திறங்கிய 3 வயதுக் குழந்தைக்குக் கொரோனா என்று தெரிந்ததும் கொண்டுவந்து சேர்த்ததும் இங்கேதான்.

நிபா என்றால் ஊரே பதறுகிறது. தட்டம்மை என்றால் “அம்மை போட்டிருக்கு, ஒரு வாரத்தில் இறங்கிவிடும்” என்கிறோம். நிபா வந்தவர்களில் பெரும்பகுதியினரை அது கொன்றுவிடுகிறது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பரவும் வேகத்தைப் பாருங்கள். சராசரியாக ஒரு நிபா நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குக்கூடப் பரவுவதில்லை. 2019-இல் அந்த மாணவரிடமிருந்து யாருக்கும் பரவவில்லை, அவரும் பிழைத்துக்கொண்டார். தட்டம்மையோ, எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும். நோயாளி இருந்துவிட்டுப் போன அறையின் காற்றில் 2 மணி நேரம் வரை கிருமி மிதந்துகொண்டிருக்கும். மனிதருக்கு வரும் நோய்களில் இந்த அளவுக்குத் தொற்றுவது வேறு எதுவும் அநேகமாக இல்லை.

“மாநிலத்தில் பெரும்பாலோர் போட்டிருக்கிறார்களே, நம் பிள்ளை ஒன்று போடாவிட்டால் என்ன?”

கணக்கைச் சற்று விரிவாகவே போட்டுப் பார்ப்போம். ஒரு நோயாளியிடமிருந்து 15 பேருக்குப் பரவும் என்று வையுங்கள். சங்கிலி அறுந்துபோக வேண்டுமானால் அந்த 15 பேரில் 14 பேர் எதிர்ப்புச் சக்தியோடு இருக்க வேண்டும். 95 சதவீதம் என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதன் அடிப்படை இதுதான். இன்னொன்றும் உண்டு. 9 மாதத்தில் போடும் முதல் தவணை நூற்றுக்குச் சுமார் 85 குழந்தைகளைத்தான் காக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் சில குழந்தைகளின் உடலில் அப்போதும் மிச்சமிருந்து ஊசியின் வேலையைக் கெடுத்துவிடுகிறது. எனவே 100 குழந்தைகளில் 90 பேருக்கு முதல் தவணை மட்டும் போட்டிருந்தால், உண்மையில் காப்புப் பெற்றவர்கள் 76 பேர்தான். மீதி 24 பேர் கிருமிக்குத் திறந்த வீடு. 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது தவணையும் போட்டால் காப்பு 97 சதவீதத்தை எட்டும். “ஒன்று போட்டாச்சே, போதாதா?” என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். போதாது.

இன்னொரு சங்கடம், கிருமி மாநிலச் சராசரியைப் பார்த்து வருவதில்லை. ஊசி போடாதவர்கள் சேர்ந்து வாழும் தெருவை, காலனியை, பள்ளியைத் தேடிப் போகிறது. 2022 நவம்பரில் கேரளத்தின் மலப்புறத்தில் அதுதான் நடந்தது. நூற்றுக்கணக்கானோருக்குத் தட்டம்மை, அவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாதவர்கள். ராஞ்சி, அகமதாபாத் நகரங்களோடு சேர்த்து மலப்புறத்துக்கும் மத்திய அரசு நிபுணர் குழுவை அனுப்ப வேண்டியதாயிற்று. அதே சமயத்தில் மும்பையின் கோவண்டி போன்ற நெரிசலான பகுதிகளில் நோய் பரவி, நகரில் பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். இலங்கை 2019-இல் தட்டம்மை ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. 2023-இல் அங்கே நோய் திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் 9 மாவட்டங்களில் சிறப்பு ஊசி முகாம் நடத்தினார்கள். ஒழித்துவிட்டோம் என்று ஓய்வெடுக்க இந்த நோய் யாரையும் விடுவதில்லை.

களமசேரி, ஏலூர், பெரும்பாவூர் வட்டாரத்தில் வங்காளம், அசாம், ஒடிசா, பீகாரிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஏராளம். தமிழர்களுக்கோ கொச்சியில் நீண்ட வரலாறு உண்டு. வாத்துருத்தி காலனியில் கூலி வேலைக்கு வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. ஃபோர்ட் கொச்சி வேளியிலுள்ள தோபி கானாவில் வண்ணார் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகத் துவைக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வரும் குடும்பத்துக்கு நேரும் சிக்கல் இது: முதல் தவணை விருதுநகரிலோ தேனியிலோ போட்டிருப்பார்கள், இரண்டாவது தவணைக்கான நாள் வரும்போது குடும்பம் கொச்சியில் இருக்கும். தடுப்பூசி அட்டை ஊரில் பாட்டி வீட்டுப் பெட்டியில் கிடக்கும். இங்குள்ள நர்ஸ் வந்து “அஞ்சாம்பனி குத்திவைப்பு எடுத்தோ?” என்று மலையாளத்தில் கேட்டால், தட்டம்மையை நம் ஊரில் மணல்வாரி என்று அறிந்த தாய்க்கு அது விளங்காது. அட்டை தொலைந்துவிட்டது என்பதற்காக ஊசியைத் தவறவிட வேண்டியதே இல்லை. ஏற்கெனவே போட்டிருந்து, தெரியாமல் இன்னொரு முறை போட்டாலும் கெடுதல் கிடையாது. சந்தேகம் இருந்தால் போட்டுக்கொள்வதுதான் சரி.

“வந்து போனால் நல்லதுதான், உடம்புக்குப் பலம்”

நான் இதைத்தான் எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை என்பேன். ஒரு முறை தட்டம்மை வந்தவருக்கு அது மறுபடி வருவதில்லை என்பது உண்மை. அதற்குக் கொடுக்கும் விலை என்ன என்பது அண்மைக் காலத்தில்தான் தெளிவாகத் தெரிய வந்தது. நம் உடம்பு இதுவரை எதிர்கொண்ட கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் அணுக்களையே தட்டம்மைக் கிருமி தேடிச்சென்று அழிக்கிறது. நெதர்லாந்தில் தடுப்பூசியை ஏற்காத ஒரு சமூகத்தில் 77 குழந்தைகளின் ரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. மற்றக் கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் பொருட்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. தடுப்பூசி போட்ட குழந்தைகளிடம் இந்த இழப்பு இல்லை. அதே இதழில் 2015-இல் வந்த மற்றோர் ஆய்வு, தட்டம்மை ஓய்ந்த பிறகும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மற்றத் தொற்றுகளால் பிள்ளைகள் இறக்கும் அபாயம் கூடியிருப்பதைக் காட்டியது.

தட்டம்மை வந்து எழுந்த பிள்ளைக்கு அடுத்த மழைக்காலத்தில் நிமோனியாவோ வயிற்றுப்போக்கோ வந்தால், அதைத் தட்டம்மையின் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

நேரடிக் கேடுகளும் சாதாரணமல்ல. ஏறக்குறைய 20 பிள்ளைகளில் ஒருவருக்கு நிமோனியா, ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை வீக்கம். அரிதாக, கிருமி மூளையில் ஒளிந்திருந்து 6 முதல் 10 ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை மெல்ல மெல்லப் பாடம் மறக்கும், உடம்பு திடீர் திடீரென்று தூக்கிப்போடும், நடை தளரும், படுக்கையில் விழும். எஸ்.எஸ்.பி.இ. என்று மருத்துவர்கள் சொல்லும் அந்த நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. கைக்குழந்தையாக இருக்கும்போது வந்த தட்டம்மையே பெரும்பாலும் அதற்கு வித்து.

“நல்ல சாப்பாடும் சுத்தமும் இருந்தால் போதும்” என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிடலாம். நல்ல சாப்பாடு சாவைக் குறைக்கும், தொற்றைத் தடுக்காது. 1963-இல் தடுப்பூசி வருவதற்கு முன், வசதியும் சுத்தமும் மிகுந்த அமெரிக்காவிலேயே ஆண்டுதோறும் 30 முதல் 40 லட்சம் பேருக்குத் தட்டம்மை வந்துகொண்டிருந்தது. சுமார் 48,000 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 400 முதல் 500 பேர் இறந்தார்கள்.

“அம்மன் விளையாடுகிறாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடாது”

இந்த நம்பிக்கையை ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கொச்சிக்கு வடக்கே கொடுங்கல்லூர் பகவதி கோயிலில் வசூரிமாலை என்ற அம்மைத் தெய்வத்துக்குத் தனிச் சன்னிதி இருக்கிறது. மஞ்சள்பொடி அங்கே முக்கியக் காணிக்கை. நம் ஊர் மாரியம்மன் கோயில்களின் கூழும் வேப்பிலையும் அதே அச்சத்திலிருந்தும் அதே பக்தியிலிருந்தும் வந்தவை. மருந்தே இல்லாத காலத்தில் மக்கள் கையில் இருந்தது அதுதான். வாசலில் வேப்பிலை கட்டி, வெளியாட்கள் வராமல் பார்த்துக்கொண்டது ஒரு வகையில் நல்ல தனிமைப்படுத்தலும்கூட.

தட்டம்மையில் அது ஏன் போதவில்லை என்றால், உடம்பில் தடிப்பு எழும்புவதற்கு 4 நாட்களுக்கு முன்பே நோய் பரவத் தொடங்கிவிடுகிறது. அந்த 4 நாளும் பிள்ளைக்குக் காய்ச்சலும் இருமலும் மூக்கொழுகலும் சிவந்த கண்ணும்தான். அம்மை என்று யாருக்கும் தோன்றாது. பிள்ளை அங்கன்வாடிக்குப் போயிருக்கும், பஸ்ஸில் ஏறியிருக்கும், சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போய் வந்திருக்கும். வேப்பிலை கட்டும் நேரத்தில் கிருமி பக்கத்துத் தெருவைத் தாண்டியிருக்கும்.

கோயிலுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், அதோடு மருத்துவரிடமும் காட்டுங்கள். வேப்பிலை கட்டுவதில் தவறில்லை. பிள்ளையைப் பட்டினி போடுவதும், பத்தியம் என்ற பேரில் பாலையும் முட்டையையும் பழத்தையும் நிறுத்துவதும்தான் தவறு. தட்டம்மை உடம்பிலுள்ள வைட்டமின் ஏ-யைக் கரைத்துக் கண்ணைப் பறிக்கக்கூடிய நோய். அதனால்தான் தட்டம்மை உறுதியானவுடன் ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ-யை அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுக்கிறார்கள். இந்தச் சத்தின் அருமையை உலகுக்குக் காட்டியவற்றில் நம் திருச்சி மாவட்டத்து ஆய்வும் ஒன்று. ரஹ்மத்துல்லா குழுவினர் 15,000-க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆய்வில், வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்றவர்களிடம் சாவு 54 சதவீதம் குறைந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு “வைட்டமின் ஏ கொடுத்தால் ஊசி வேண்டாம்” என்று இப்போது சிலர் பரப்புகிறார்கள். வைட்டமின் ஏ நோயின் கடுமையைத் தணிக்கும். நோய் வராமல் தடுக்காது. மருத்துவர் சொல்லாமல் அளவுக்கு மீறிக் கொடுத்தால் ஈரலைக் கெடுக்கும்.

“ஊசி போட்ட குழந்தை இறந்துபோனதே?”

ஆம், இறந்திருக்கிறார்கள். இதை மூடி மறைப்பதால்தான் வதந்தி வளர்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட 4 கைக்குழந்தைகள் இறந்தன. அந்தப் பெற்றோரின் துயரத்துக்கு எந்தச் சதவீதக் கணக்கும் ஆறுதல் ஆகாது. அதன்பின் தமிழக அரசு, துணை சுகாதார நிலையங்களில் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றியது. பாதுகாப்பு கூடியது; தூரமும் கூடியது. 2005-06-இல் 80.9 சதவீதமாக இருந்த தமிழ்நாட்டின் முழுத் தடுப்பூசிக் கணக்கு 2015-16 ஆய்வில் 69.7-க்கு இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கிருந்துதான் 2019-21 ஆய்வின் 89.2-க்கு ஏறி வந்தோம்.

பசிபிக் கடலில் சமோவா என்றொரு சின்ன நாடு, மக்கள்தொகை சுமார் 2 லட்சம். 2018 ஜூலையில் அங்கே இரண்டு குழந்தைகள் ஊசி போட்ட சில நிமிடங்களில் இறந்தன. தடுப்பூசித் தூளைக் கரைக்க வேண்டிய நீருக்குப் பதிலாக, தசையைச் செயலிழக்கச் செய்யும் மயக்க மருந்தை நர்ஸ்கள் தவறுதலாகக் கலந்துவிட்டார்கள். தவறு கலந்த கையில், மருந்தில் இல்லை. ஆனால் ஊசித் திட்டமே மாதக்கணக்கில் நின்றது, மக்களின் நம்பிக்கை உடைந்தது. அந்த ஆண்டு தட்டம்மை ஊசி பெற்றவர்கள் சுமார் 31 சதவீதமாகச் சரிந்தார்கள். 2019 இறுதியில் தட்டம்மை வந்தது. 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் 5 வயதுக்குட்பட்டவர்கள். டிசம்பரில் அரசாங்கம் இரண்டு நாள் நாட்டையே மூடி, ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னது. நர்ஸ்கள் வீடு வீடாகப் போனார்கள். இரண்டு குழந்தைகளைப் பறித்த தவறைத் திருத்தியிருக்கலாம். அதன் பெயரால் ஊசியையே நிறுத்தியது எண்பதுக்கும் மேற்பட்ட உயிரைக் குடித்தது.

ஆகவே ஊசி போடும் இடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று பெற்றோருக்குத் தெரிந்திருப்பது நல்லது. அரசு நிலையங்களில் கொடுப்பது எம்.ஆர். தடுப்பூசி, தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து ஒன்று. சின்னக் குப்பியில் உலர்ந்த தூளாக வரும். அதற்கென்றே வரும் நீரில் மட்டுமே கரைக்க வேண்டும். கரைத்த நேரத்தைக் குப்பியின் மேல் எழுதி வைப்பார்கள். 4 மணி நேரம் கடந்தால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சாகியிருக்கும். உள்சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால், மருந்து வெப்பத்தில் கெடவில்லை என்று பொருள். ஊசிக்குழல் ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் வகை. இன்னொரு பிள்ளைக்கு அதைப் பயன்படுத்தவே முடியாது. வலது மேற்கையில் 0.5 மில்லி. போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வார்கள். வெளியே ஆட்டோ நிற்கிறதே என்று அவசரப்படாதீர்கள்; மிக அரிதாக வரும் ஒவ்வாமையைக் கண்டு உடனே மருந்து கொடுக்கத்தான் அந்த அரை மணி. குப்பியைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல நர்ஸ் மகிழ்ந்து காட்டுவார்.

ஒரு வாரம் பத்து நாள் கழித்து லேசான காய்ச்சலும் சில பிள்ளைகளுக்கு மெல்லிய தடிப்பும் வரலாம். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அது, மற்றவர்களுக்குப் பரவாது.

மலட்டுத்தன்மை, ஆட்டிசம்

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் எம்.ஆர். முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கேரளத்தில் தொடங்கியது. நவம்பரில் மலப்புறம் மாவட்டம் எடையூரில், பள்ளியில் ஊசி போட்டுக்கொண்டிருந்த சுகாதாரப் பணியாளர்களை ஒரு கும்பல் தாக்கியது. நர்ஸ் ஒருவர் காயமடைந்தார். பிள்ளை பெறும் சக்தியைப் பறிக்கும் சதி என்ற பேச்சுதான் பின்னணி. உண்மை நேர் எதிரானது. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் கரு கலையலாம். அல்லது குழந்தை காது கேளாமலும் கண்ணில் புரையோடும் இதயக் கோளாறோடும் பிறக்கலாம். பேறுகாலத்தைக் காக்கும் ஊசி இது. சிலர் மார்க்கத்தையும் காரணம் காட்டுகிறார்கள். ஆனால் கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரியிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்படும் ஒவ்வொருவரும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். அது சவூதி அரசின் கட்டாயம். ஊசி மார்க்கத்துக்கு விரோதம் என்று சொல்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆட்டிசக் கதை 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 12 பிள்ளைகளை மட்டும் வைத்து ‘லான்செட்’ இதழில் எழுதியதிலிருந்து பிறந்தது. 2010-இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவப் பதிவும் ரத்தானது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பே இல்லை என்று தெரிந்தது. 12 எங்கே, ஆறரை லட்சம் எங்கே!

லேசான சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தாலும் ஊசி போடலாம். நாள் தவறிவிட்டால் 5 வயது வரை அரசுத் திட்டத்திலேயே இலவசமாகப் போடுவார்கள். அதற்கு மேல் வயதானாலும் மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்களுக்கும், முந்தைய தவணையில் கடும் ஒவ்வாமை வந்தவர்களுக்கும்தான் இந்த ஊசி கூடாது. அவர்களையும் 9 மாதம் நிரம்பாத சிசுக்களையும் காப்பது மற்றவர்கள் போட்டுக்கொள்ளும் ஊசிதான்.

2026-க்குள் தட்டம்மையையும் ரூபெல்லாவையும் ஒழிப்பது இந்தியாவின் இலக்கு. களமசேரியிலும் ஏலூரிலும் ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒப்பந்ததாரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆதார் நகல் வாங்கும்போதே பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையையும் கேளுங்கள், ஊசி போடும் நாளில் தாய்க்குக் கூலி பிடிக்காமல் விடுப்புக் கொடுங்கள். பெற்றோருக்கு: இன்றிரவே அட்டையை எடுத்து எம்.ஆர். என்ற இடத்தில் இரண்டு தேதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும், அட்டையே இல்லாவிட்டாலும், வரும் புதன்கிழமை காலை பக்கத்து சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் புதன்தான் ஊசி நாள். பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.